தோளில் ஒரு பை, மூன்று பக்கமும் தண்டவாளம்: நண்பர்களோடு ஜவ்வாது மலை போக 24 குறிப்புகள்

காலையில் பாரிஸ், மதியம் ஜூரிக், இரவு வண்டி ஏறினால் விடியும்போது வியன்னா. இப்படி நண்பர்களோடு ரயிலிலேயே ஐரோப்பாவைச் சுற்ற வேண்டும் என்ற ஆசை கல்லூரி முடித்த பிள்ளைகள் பலருக்கும் உண்டு. வெளிநாட்டினருக்கான யூரெயில் பாஸ் 1959-லும், ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கான இன்டர்ரெயில் பாஸ் 1972-லும் வந்தன. ஆனால் அந்தப் பயணம் லட்சங்களில் செலவு வைக்கும். சின்னப் பையோடு புறப்படுவது, வண்டி மாறுவது, பொதுச் செலவைச் சண்டையில்லாமல் பிரித்துக்கொள்வது ஆகியவற்றை அங்கே போய்த்தான் கற்க வேண்டும் என்றில்லை. ஒரு வார இறுதியில் ஜவ்வாது மலையிலேயே பழகிவிடலாம்.

இந்த மலையின் மேல் ரயில் ஏறாது. ஆனால் மூன்று பக்கமும் தண்டவாளம் இருக்கிறது. வடக்கே பாலாற்றை ஒட்டிக் காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை. மேற்கே சேலம் பாதையில் திருப்பத்தூர். கிழக்கே காட்பாடி-விழுப்புரம் பாதையில் வேலூர் கண்டோன்மென்ட், கண்ணமங்கலம், போளூர். ஒரு நிலையத்தில் இறங்கி மலையேறி, மறுபக்கம் இறங்கி வேறொரு நிலையத்தில் வண்டி பிடிக்கலாம். இப்படிச் சுற்றிவர உதவும் குறிப்புகள் இவை.

திட்டமிடும்போது

1. ஏறும் வழி ஒன்று, இறங்கும் வழி வேறு. போன வழியிலேயே திரும்பினால் பாதி மலையைத்தான் பார்த்திருப்பீர்கள். ஜோலார்பேட்டையில் இறங்கி, வாணியம்பாடி அல்லது திருப்பத்தூர் வழியாக ஆலங்காயம், அங்கிருந்து காவலூர், பிறகு மலையின் முக்கிய ஊரான ஜமுனாமரத்தூர். மறுநாள் கிழக்கே இறங்கினால் போளூர். ஜமுனாமரத்தூருக்கும் போளூருக்கும் சுமார் 40 கிலோமீட்டர். போளூரிலிருந்து வடக்கே காட்பாடிக்கும் தெற்கே திருவண்ணாமலை, விழுப்புரத்துக்கும் ரயில் உண்டு. ஐரோப்பாவுக்கும் இதே கணக்குத்தான்: பாரிஸில் இறங்கி ரோமிலிருந்து விமானம் ஏறினால், திரும்பிவரும் ஒரு முழு நாளும் அதன் கட்டணமும் மிச்சம்.

2. முதலில் திரும்பும் நேரத்தைக் குறியுங்கள். போகும் வண்டியை எல்லோரும் பார்க்கிறார்கள், திரும்பும் வண்டியை யாரும் பார்ப்பதில்லை. காட்பாடி-விழுப்புரம் பாதையில் ஓடும் வண்டிகள் குறைவு. எனவே போளூரில் எத்தனை மணி வண்டி என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதைப் பிடிக்க எந்தப் பேருந்தில் மலையிறங்க வேண்டும், அதற்கு முந்தைய பேருந்து எது என்று பின்னாலிருந்து கணக்கிட்டு வாருங்கள். மலையிலிருந்து இறங்கும் கடைசிப் பேருந்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். அதற்கு முந்தையதுதான் உங்கள் பேருந்து.

3. மாதம் பார்த்துப் போங்கள். அக்டோபர் முதல் ஜனவரி வரை மலை பச்சையாக இருக்கும், அருவிகளில் தண்ணீர் விழும். மார்கழி, தை இரவுகளில் குளிர் உறைக்கும். பிப்ரவரிக்குப் பிறகு இலையுதிர்ந்து காடு காயும். கோடையில் ஜமுனாமரத்தூர் அருகே உள்ள பீமன் அருவியைத் தேடிப் போனால் பாறையைத்தான் பார்க்கலாம். புயல் எச்சரிக்கை வந்த வாரத்தில் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மலைச்சாலையில் மண் சரிந்தால் இரு பக்கமும் வழி அடைபடும்.

4. காவலூருக்குச் சனிக்கிழமை போங்கள். ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூர் செல்லும் சாலையில்தான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. சனிக்கிழமைதான் பொதுமக்கள் வந்து பார்க்கும் நாளாக இருந்து வருகிறது. மழைக்கால மாதங்களில் இது மாறலாம் என்பதால், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். சனி பகலில் காவலூர், இரவில் ஜமுனாமரத்தூர், ஞாயிறு காலை ஏரியும் அருவியும், மாலையில் போளூர் என்று வைத்துக்கொண்டால் ஒரு வார இறுதி போதும்.

5. நான்கு பேர் நல்ல எண்ணிக்கை. ஒரு காரில் அடங்கும், இரண்டு அறை போதும், ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் ஒருவர் துணையிருக்க மற்ற இருவர் ஓடியாடலாம். எட்டுப் பேருக்கு மேல் போனால் அது சுற்றுலாக் கூட்டம். அதற்கு வேன்தான் சரி.

சீட்டும் ரயிலும்

6. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். முன்பு 120 நாளாக இருந்த இந்த அவகாசத்தை 2024 நவம்பர் 1 முதல் ரயில்வே பாதியாகக் குறைத்துவிட்டது. தட்கல் சீட்டு, வண்டி புறப்படும் நாளுக்கு முதல் நாள் குளிர்சாதன வகுப்புக்குக் காலை 10 மணிக்கும் மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் திறக்கும். பொங்கல், தீபாவளியை ஒட்டிப் போவதாக இருந்தால் தட்கலை நம்பாதீர்கள்.

7. ஒரே சீட்டில் ஆறு பேர் வரை பதியலாம். நண்பர்கள் தனித்தனியாகப் பதிந்தால் ஆளுக்கொரு பெட்டியில் உட்கார நேரும். சேர்த்துப் பதிந்தாலும் ஒருவர் வரவில்லை என்றால் அவர் பெயரை மட்டும் ரத்து செய்ய முடியும். ஒரே சீட்டில் போகும்போது ஒருவர் அசல் அடையாள அட்டையைக் காட்டினால் போதும் என்பது விதி. இருந்தாலும் ஒவ்வொருவரும் தத்தம் அட்டையைக் கையில் வைத்திருங்கள். மலையில் தங்கும் விடுதியில் எல்லோரிடமும் கேட்பார்கள்.

8. சென்னையிலிருந்து பகல் வண்டியே மேல். சென்ட்ரலிலிருந்து ஜோலார்பேட்டை சுமார் 214 கிலோமீட்டர். காலையில் புறப்படும் கோவை, பிருந்தாவன் விரைவு வண்டிகள் அங்கே நிற்கும். மாலையில் புறப்படும் ஏலகிரி விரைவு வண்டி இரவில்தான் போய்ச் சேரும். அதற்குப் பிறகு மலைப்பேருந்து கிடைக்காது, அடிவாரத்தில் ஓர் இரவு தங்க வேண்டியிருக்கும். பெங்களூருவிலிருந்து வருகிறவர்களுக்கும் சேலம், கோவைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கும் ஜோலார்பேட்டையே சந்திப்பு. ஜோலார்பேட்டை-பெங்களூரு பாதை திறந்தது 1864-இல். அன்றிலிருந்து அது வண்டி மாறும் ஊர்தான். வெவ்வேறு ஊர்களில் வேலை பார்க்கும் நண்பர்கள் ஒன்றுகூட இதைவிட வசதியான நிலையம் வட தமிழ்நாட்டில் இல்லை.

9. தவறவிட்டால் என்ன செய்வது என்று முன்பே பேசுங்கள். டீ வாங்க இறங்கிய நண்பர் நடைமேடையிலேயே நிற்க, வண்டி நகர்ந்துவிட்டால் யாரும் குதிக்கக் கூடாது, யாரும் ஓடிவந்து ஏறக் கூடாது. வண்டியில் இருப்பவர்கள் அவர் பையை எடுத்துக்கொண்டு அடுத்து நிற்கும் பெரிய நிலையத்தில் இறங்கிக் காத்திருக்க வேண்டும், விடுபட்டவர் அடுத்த வண்டியில் அங்கே வர வேண்டும். இந்த ஒரு விதியை எல்லோரும் மனப்பாடம் செய்துவிட்டால், போனில் சார்ஜ் தீர்ந்தாலும் குழப்பம் வராது. ரயில்வே உதவிக்கு 139.

பை கட்டும்போது

10. பையின் எடை உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 60 கிலோ எடையுள்ளவர் 6 கிலோ தூக்கலாம். கட்டிய பையை மாட்டிக்கொண்டு வீட்டு மாடிப்படியை நாலைந்து முறை ஏறி இறங்குங்கள். மூச்சு வாங்கினால் பையைத் திறந்து பாதியை எடுத்து வெளியே வையுங்கள். கனமானவை முதுகை ஒட்டி நடுவிலும், துணிகள் அடியிலும், மழைச்சட்டையும் டார்ச்சும் எல்லாவற்றுக்கும் மேலேயும் இருக்க வேண்டும்.

11. டர்க்கி டவல் வேண்டாம், ஈரிழைத் துண்டு போதும். அரை மணி வெயிலில் காயும், மடித்தால் உள்ளங்கையில் அடங்கும். குளிரில் கழுத்துக்கும், வெயிலில் தலைக்கும், ரயிலில் தலையணைக்கும் அதுவே. ஜீன்ஸ் நனைந்தால் மலைக்குளிரில் இரண்டு நாளானாலும் காயாது. மெல்லிய பருத்திக் கால்சட்டை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். துவைத்த துணியைக் காய்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி முறுக்கினால் பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். ஷூ நனைந்தால் பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து வையுங்கள், காலையில் மாட்டிக்கொள்ளலாம்.

12. எல்லோரும் எல்லாவற்றையும் தூக்க வேண்டாம். பற்பசை, சோப்பு, மருந்துப் பெட்டி, சார்ஜர் ஆகியவை ஆளுக்கொன்று எதற்கு? ஒருவர் மருந்து, ஒருவர் சோப்பும் சலவைக் கயிறும், ஒருவர் மின்சாரம், ஒருவர் சாப்பாடு என்று பிரியுங்கள். நான்கு முழக் கயிறு, ஏழெட்டு ஊக்கு, ஒரு சின்னப் பூட்டு, ஒரு கத்தரிக்கோல் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

13. மருந்துப் பெட்டியில் இவை இருக்கட்டும்: காய்ச்சல் மாத்திரை, வயிற்றுப்போக்குக்கான உப்புச் சர்க்கரைப் பொட்டலம், காயத்துக்குப் பஞ்சும் கட்டுத்துணியும், அவரவர் அன்றாட மாத்திரை. பொட்டலம் தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் மட்டமாக அளந்து கலக்குங்கள். உப்பு கூடக் கூடாது. மலைச்சாலை வளைவுகளில் தலைசுற்றுகிறவர்கள் வயிறு முட்டச் சாப்பிடாமல், பேருந்தின் முன்பக்கம் உட்கார்ந்து, வாயில் ஒரு துண்டு உலர்ந்த நெல்லியோ இஞ்சி மிட்டாயோ அடக்கிக்கொள்ளட்டும். காலில் கொப்புளம் வராமலிருக்க நடைக்குமுன் விரலிடுக்கிலும் குதிகாலிலும் தேங்காய் எண்ணெய் தடவிக் காலுறை போடுங்கள்.

கட்டுச்சோறு

14. முதல் நாள் சாப்பாடு வீட்டிலிருந்தே வரட்டும். புளியோதரைக்குச் சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, நன்றாக ஆறிய பிறகே புளிக்காய்ச்சலைக் கலக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துச் சாயங்காலமே கெட்டுவிடும். வெங்காயம் சேர்க்காதீர்கள். தயிர்சாதத்துக்குச் சோறு சூடாக இருக்கும்போதே மசித்துப் பால் ஊற்றுங்கள். ஆறியதும் ஒரே ஒரு கரண்டி தயிர் போடுங்கள். மதியம் திறக்கும்போது புளிக்காமல் பதமாக இருக்கும்.

15. இட்லிக்குச் சட்னி வேண்டாம். தேங்காய்ச் சட்னி காலை பத்து மணிக்கே முகம் சுளிக்க வைக்கும். இட்லியின் இரு பக்கமும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியைத் தடவி, தணலில் வாட்டிய வாழையிலையில் கட்டுங்கள். வாட்டாத இலை மடிக்கும் இடத்தில் கிழியும். எவர்சில்வர் டப்பா கனம்தான் என்றாலும் திரும்பும்போது மலையில் வாங்கும் பொருளை அதில் போட்டு வரலாம்.

16. தண்ணீர்ப் பாட்டிலை வாங்காதீர்கள், நிரப்புங்கள். ஆளுக்கொரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில் போதும். அடிவாரத்தில் ஒருமுறையும், தங்கும் இடத்தில் காய்ச்சி ஆறவைத்து ஒருமுறையும் நிரப்பிக்கொள்ளுங்கள். ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தாலும் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். மேலே ஆடுமாடு இறங்கும் துறை இருக்கும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஒரு மஞ்சப்பையை மடித்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மலைக்குக் கொண்டுபோன குப்பை அதிலேயே கீழே திரும்ப வேண்டும்.

மலையில்

17. காவலூரில் எதைப் பார்க்கிறோம் என்று தெரிந்துகொண்டு போங்கள். வானியலாளர் வைணு பாப்பு இந்த இடத்தைத் தேர்ந்தது, ஊர் வெளிச்சம் இல்லாத இருட்டுக்காகவும், நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் தென்வானத்தையும் பார்க்க முடிவதற்காகவும். 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு இங்கே வேலை தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று 1977-இல் உலகம் அறிந்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி 1986 ஜனவரி 6-இல் பாப்புவின் பெயரைத் தாங்கித் திறக்கப்பட்டது. 1988-இல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோள் ஒன்றுக்கு ராமானுஜன் என்று பெயர். இவ்வளவும் தெரிந்தால் அந்த வெள்ளைக் குவிமாடத்தின் முன் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிட மாட்டீர்கள், கேள்வி கேட்பீர்கள்.

18. இரவு வானம் பார்க்க அமாவாசையை ஒட்டிப் போங்கள். பௌர்ணமி நிலவு அழகுதான், ஆனால் மங்கலான நட்சத்திரங்களை மறைத்துவிடும். இருட்டுக்குக் கண் பழகக் கால்மணி முதல் அரைமணி நேரம் ஆகும். அதற்குள் ஒருவர் போனைத் திறந்தால் எல்லோருக்கும் கெட்டது. டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றி ரப்பர் போட்டுக்கொண்டால் வழியும் தெரியும், கண்ணும் கூசாது. டிசம்பர் நடுவில் ஜெமினிட் எரிகல் பொழிவு வரும். அதைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டாம், ஒரு பாயும் போர்வையும் போதும். பாயைத் தங்கும் இடத்தின் முற்றத்திலோ மாடியிலோ விரியுங்கள், காட்டோரம் வேண்டாம்.

19. இருட்டுமுன் தங்குமிடம் சேருங்கள். ஜமுனாமரத்தூரில் தங்கும் இடங்கள் குறைவு. கோடை விழா நாட்களில் அறை கிடைப்பது அரிது. புறப்படுவதற்கு முன்பே போனில் பேசி அறையை உறுதிசெய்யுங்கள். வனத்துறை ஓய்வு விடுதி என்றால் முன் அனுமதி வேண்டும். காவலூரில் நேரமாகிவிடும் என்று தோன்றினால், ஆலங்காயத்திலேயே ஒரு ஆட்டோ அல்லது வண்டியைப் பேசி, கூலியையும் காத்திருக்கும் நேரத்தையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். இரவில் சாலையோரம் நடக்காதீர்கள். கரடி நடமாடும் காடு இது.

20. அருவியில் குதிக்க வேண்டாம், காட்டுக்குள் தன்னிச்சையாக நுழைய வேண்டாம். பீமன் அருவியின் பாறைகள் வழுக்கும். தண்ணீருக்கடியில் பள்ளம் எங்கே என்று மேலிருந்து தெரியாது. மேலே மழை பெய்தால் சட்டென்று வரத்து கூடும். நீர் கலங்கி, சருகு மிதந்து வந்தால் உடனே கரையேறுங்கள். மலையேற்றப் பாதைகளுக்கு வனத்துறை அனுமதி கட்டாயம். 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு வந்த விதி இது. அனுமதிக்கப்பட்ட 40 தடங்களுக்கு 2024 முதல் ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் பதிவு செய்யலாம். காய்ந்த மாதங்களில் பீடியோ சமையல் அடுப்போ காட்டுக்குள் கூடவே கூடாது.

21. அது நம் வீடு அல்ல, அவர்கள் வீடு. மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் இவை. புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று நாடு நாடாகப் பிரித்து வாழ்கிறார்கள். கேட்காமல் யாரையும் படமெடுக்காதீர்கள். வாசலில் காயும் சாமையை மிதிக்காதீர்கள். பெரியவர்களிடம் வழி கேட்கும்போது வண்டியிலிருந்து இறங்கி, ‘ஐயா’, ‘அம்மா’ என்று கேளுங்கள். பெருங்கற்காலக் கல்திட்டைகளும் நடுகற்களும் மலையிலும் அடிவாரத்திலும் உண்டு. அவற்றின் மேல் ஏறுவதும் பெயர் கிறுக்குவதும் தவறு. பல நடுகற்கள் இன்றும் கும்பிடப்படுகிறவை. ஸ்பீக்கர் பாட்டையும் மதுப் பாட்டிலையும் ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

22. வாங்கினால் இவற்றை வாங்குங்கள்: சாமை, தேன், புளி, பருவத்தில் நெல்லி, சீத்தா, பலா. விளைவிப்பவரிடமோ உழவர் அமைப்பின் கடையிலோ வாங்குங்கள், அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசாதீர்கள். தேன் தண்ணீரில் கரைகிறதா, தீப்பிடிக்கிறதா என்ற வீட்டுச் சோதனைகளை நம்ப வேண்டாம். உறைந்த தேன் கலப்படமும் அல்ல. வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை நிறுத்தினால் இளகும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. மூடிக்கு அடியில் ஒரு துண்டுப் பாலிதீன் வைத்து இறுக்கி, துணிகளுக்கு நடுவே நிமிர்த்தி வைத்தால் ரயிலில் கசியாது. புளியைக் கொட்டை நீக்கி, ஒரு நாள் வெயிலில் காயவைத்து, கல்லுப்புத் தூவிப் பானையில் அடைத்தால் வருஷம் தாங்கும். முழுப் பலாவை ரயிலில் ஏற்றாதீர்கள். மலையிலேயே வெட்டிப் பங்கிட்டுச் சாப்பிட்டுவிட்டு, கொட்டையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். சந்தனக் கட்டை என்று யாராவது ரகசியமாக நீட்டினால் கை நீட்டாதீர்கள். சட்டச் சிக்கல் உங்களுக்குத்தான்.

பணமும் நட்பும்

23. பொதுப் பணப்பை ஒன்று வையுங்கள். புறப்படும் முன் எல்லோரும் ஒரே தொகையைப் போட்டு, கணக்கில் கெட்டியானவர் கையில் கொடுங்கள். பேருந்து, சாப்பாடு, அறை எல்லாம் அதிலிருந்து. தீர்ந்தால் மறுபடி சமமாகப் போடுங்கள். மிஞ்சினால் இறங்கும் நிலையத்தில் பிரித்துக்கொள்ளுங்கள். யார் டீக்குக் கொடுத்தார்கள் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை. தனிச் செலவு தனிப் பணத்தில். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது, சிக்னல் இல்லாத இடத்தில் போனில் பணம் அனுப்ப முடியாது. பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் வைத்திருங்கள். பஸ் நடத்துநரிடம் ஐந்நூறை நீட்டித் திட்டு வாங்காமல் இருக்கலாம். ஒரு நாளில் ஒரு மணி நேரமாவது அவரவர் இஷ்டப்படி தனியாக இருக்க விடுங்கள். ஒருவர் ஜமுனாமரத்தூரின் கோலப்பன் ஏரியில் படகு ஓட்டட்டும், ஒருவர் தூங்கட்டும். நண்பர்களுக்குள் வரும் சண்டையில் பாதி, எல்லோரும் எல்லாவற்றையும் சேர்ந்தே செய்ய வேண்டும் என்ற கட்டாயத்தால் வருவது.

அடுத்து ஐரோப்பா என்றால்

24. ஜவ்வாது மலையில் பழகியதோடு இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விசா: ஷெங்கன் நாடுகளுக்கு ஒரே விசா. எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது. பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். நண்பர்கள் கூட்டாகப் போனாலும் விண்ணப்பம் ஆளுக்கொன்று.

பாஸ்: இந்தியப் பாஸ்போர்ட்டில் சுற்றுலா போகும் நமக்கு யூரெயில். இன்டர்ரெயில் அங்கே வசிப்பவர்களுக்கு. யூரெயில் பாஸ் 33 நாடுகளில் செல்லும். 27 வயது வரை இளைஞர் சலுகை உண்டு. பாஸ் இருந்துவிட்டால் எந்த வண்டியிலும் ஏறிவிடலாம் என்று எண்ணாதீர்கள். பிரான்ஸின் டிஜிவி, ஸ்பெயின், இத்தாலியின் அதிவேக வண்டிகள், யூரோஸ்டார் ஆகியவற்றில் இருக்கைப் பதிவு கட்டாயம், அதற்குத் தனிப் பணம். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்தில் பெரும்பாலான வண்டிகளில் பதியாமலே ஏறலாம். இரண்டு மூன்று ஊர்தான் போகப்போகிறீர்கள் என்றால், தனிச் சீட்டுகளை முன்கூட்டி வாங்குவது பாஸைவிட மலிவாக இருக்கலாம். இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஊர்ப்பெயர்: நிலையப் பலகையில் உள்ளூர்ப் பெயர்தான் இருக்கும். வியன்னாவுக்கு வீன், மியூனிக்குக்கு முன்ஷன், வெனிஸுக்கு வெனேட்சியா, ஃப்ளோரன்ஸுக்கு ஃபிரென்ட்ஸே, பிராகுக்கு பிராஹா. இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதிப் பாஸ்போர்ட் உறைக்குள் வையுங்கள். ஒரே ஊரில் நாலைந்து நிலையங்கள் இருப்பதும் சகஜம். பாரிஸில் ஒரு நிலையத்தில் இறங்கி இன்னொன்றில் ஏற வேண்டியிருந்தால், நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

பை: அங்கே போர்ட்டர் கிடைப்பது அரிது. பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு படியேறுவது நீங்கள்தான். ஆறு கிலோ பையோடு ஜமுனாமரத்தூர் போய்வந்தவருக்கு ஐரோப்பாவிலும் ஒன்பது, பத்து கிலோவுக்கு மேல் தேவைப்படாது.

பாஸைப் பணம் கொடுத்து வாங்கலாம், விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அளவாகப் பை கட்டுவதும், திரும்பும் வண்டியை முதலில் பார்ப்பதும், நாலு பேரோடு ஒரே பணப்பையில் மனம் கோணாமல் செலவு செய்வதும் பழகினால்தான் வரும். அடுத்த சனிக்கிழமைக்கு ஜோலார்பேட்டைக்கு நான்கு சீட்டு எடுங்கள். அந்த இரண்டு நாள் பயணம் முடிந்த பிறகும் நால்வரும் பேசிக்கொண்டிருந்தால், தாராளமாக ஐரோப்பாவுக்குப் பணம் சேர்க்கத் தொடங்கலாம்.